புது ஜிம்மில் பழைய எடையைத் தேடாதீர்கள்

வங்கி வேலையில் மாற்றல் உத்தரவு வந்தால் எல்லோரும் முதலில் வீடு தேடுவார்கள், அப்புறம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தேடுவார்கள். என் பெண் கல்லூரிக்குப் போய்விட்டாள். அதனால் வீட்டுக்கு அடுத்து நான் தேடுவது ஜிம். நாகர்கோவில், திருப்பூர், வேலூர் என்று சுற்றிவிட்டு இப்போது சென்னை மடிப்பாக்கத்தில் இருக்கிறேன். வயது 48. ஊருக்கு ஊர் ஜிம் மாறியதில் எனக்குப் பிடிபட்ட வழிமுறைகளைத்தான் இங்கே எழுதுகிறேன். போட்டிக்குத் தயாராகிறவர்களுக்கு இது உதவாது. ஆபீஸும் சமையலும் போக மிஞ்சும் நேரத்தில் இரும்பு தூக்குகிறவர்களுக்கு உதவும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய ஜிம் நோட்டில் எழுதி வைத்திருக்கும் கிலோ கணக்கு புது ஜிம்மில் செல்லாது. எடை மாட்டும் இரும்புத் தண்டான ராட் வேறு, மெஷினில் கயிறு ஓடும் கப்பி வேறு, நேரம் வேறு, காற்று வேறு. செல்லுபடியாவது, உடம்புக்குப் பழகிய அசைவுகளும், ஒரு செட் (நிறுத்தாமல் தொடர்ந்து தூக்கும் ஒரு சுற்று) முடிக்கும்போது 'இன்னும் இரண்டு தடவை தூக்கியிருக்கலாம்' என்று உள்ளேயிருந்து தெரிகிற கணக்கும். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு கிலோவைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும். மற்றதெல்லாம் இதன் விவரம்தான்.

சேர்வதற்கு முன்

நீங்கள் தினமும் போகப்போகும் நேரத்திலேயே போய்ப் பாருங்கள். காலை 11 மணிக்குப் போனால் எந்த ஜிம்மும் காலியாக, பளபளவென்றுதான் இருக்கும். அதே இடம் இரவு 7:30க்கு ரேஷன் கடை வரிசையாகிவிடும். ஸ்குவாட் ரேக் (ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவதற்கான சட்டம்) எத்தனை, அதில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். டம்பெல் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். 5, 7.5, 10 என்று போனால் பெண்களுக்கும் புதியவர்களுக்கும் கஷ்டம். ஐந்திலிருந்து ஏழரை என்பது ஒரே தாவலில் பாதி மடங்கு கூடுதல். ராடின் முனையில் மாட்டும் பிளேட்டில் 1.25 கிலோ இருக்கிறதா என்று கேளுங்கள். "அதெல்லாம் யாரும் யூஸ் பண்றதில்ல மேம்" என்று பதில் வந்தால், இருந்தது, காணாமல் போய்விட்டது என்று அர்த்தம். பெண்கள் கழிவறைக் கதவின் தாழ்ப்பாளையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள். ஜிம்மின் நிர்வாகம் எப்படி என்பதை அந்தத் தாழ்ப்பாள் சொல்லிவிடும்.

சின்ன ஊர்களில் 'லேடீஸ் டைமிங்' என்று காலை 10 முதல் 12 வரையோ, மாலை 4 முதல் 6 வரையோ ஒதுக்கியிருப்பார்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்கு அது எந்த வகையிலும் பயன்படாத சலுகை. பொது நேரத்தில் வரலாமா என்று சேரும்போதே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, முதலில் ஒரு மாதம், அதிகம் போனால் மூன்று மாதம் கட்டினால் போதும். ரசீது வாங்குங்கள். ஜிம் கட்டணத்துக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. ரசீதில் இன்னும் 18 என்று போட்டிருந்தால் ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ராடை நிறுத்துப் பாருங்கள்

நம் ஊர்ப் பழைய ஜிம்களில் எடையைச் சொல்லும் முறை ஒன்று உண்டு. "எவ்வளவு போடுறே?" என்றால் "ஒரு பக்கம் பத்து" என்பார்கள். ராடின் எடையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. எப்போதும் அதே ராட் என்பதால் அங்கே அது பிரச்சினையும் இல்லை. ஜிம் மாறும்போதுதான் வம்பு.

வேலூரில் நான் தூக்கிக்கொண்டிருந்தது ஆறடி நீளமுள்ள, கிட்டத்தட்ட ஓர் அங்குலக் கனமுள்ள சாதாரண ராட். அது சுமார் 9 கிலோ. இப்போது போகும் ஜிம்மில் இருப்பது ஒலிம்பிக் ராட். 2.2 மீட்டர் நீளம், பிளேட் மாட்டும் முனை 50 மில்லிமீட்டர் கனம், எடை 20 கிலோ. என் நோட்டில் ஸ்குவாட்டுக்கு 'ஒரு பக்கம் 15' என்று இருக்கிறது. அங்கே அதன் உண்மையான எடை 15, 15, 9 சேர்த்து 39 கிலோ. அதே பதினைந்தை இங்கே மாட்டினால் 50 கிலோ. நோட்டில் எதுவும் மாறவில்லை, முதுகில் 11 கிலோ ஏறிவிட்டது. நான்கில் ஒரு பங்குக்கும் மேல். சரியான கணக்கு, இங்கே ஒரு பக்கம் 10 மாட்டுவது. அப்போது 40. பார்க்கிறவர்களுக்கு நான் எடையைக் குறைத்த மாதிரி தெரியும், தெரியட்டும்.

ராடின் எடை எவ்வளவு என்று கேட்டால் பெரும்பாலும் ஆளுக்கு ஒரு பதில் வரும். நீங்களே நிறுத்துவிடலாம். எல்லா ஜிம்மிலும் ஆள் எடை பார்க்கும் மெஷின் ஒன்று வாசலிலோ பயிற்சியாளர் மேசைப் பக்கமோ இருக்கும், ஆஞ்சநேயர் படத்துக்குக் கீழே. முதலில் நீங்கள் மட்டும் ஏறி எடை பாருங்கள். அப்புறம் வெறும் ராடை நெட்டுக்குத்தாகத் தோளோடு அணைத்துக்கொண்டு ஏறுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ராட். கூட்டமில்லாத நேரத்தில், மேலே ஃபேன் இல்லாத இடத்தில் செய்யுங்கள். இசட் வளைவு ராட், பெண்களுக்கான 15 கிலோ ராட், சதுரப் பிடியுள்ள ராட் என்று இருப்பதையெல்லாம் ஒரே நாளில் நிறுத்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டால் அந்த ஜிம்மில் இருக்கும்வரை கவலை இல்லை. 15 கிலோ ராட் கண்ணில் பட்டால் பெண்கள் அதையே எடுத்துக்கொள்வது நல்லது. 25 மில்லிமீட்டர் கனம்தான் என்பதால் சின்னக் கைக்கு நன்றாக அடங்கும். ஆண்கள் ராட் 28.

பிளேட்டிலும் ஒரு விஷயம். வெளிநாட்டு பிளேட் வைத்திருக்கும் ஜிம்களில் எண் பவுண்டில் இருக்கும். 45 என்று போட்டிருந்தால் அது 20.4 கிலோ. பவுண்டை 2.2ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். டம்பெலில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம், ஏனென்றால் கிலோ டம்பெலும் பவுண்டு டம்பெலும் ஒரே ஸ்டாண்டில் கலந்து கிடக்கும்.

மெஷின்களின் பொய்கள்

மேலிருந்து கம்பியை நெஞ்சுப் பக்கம் இழுக்கும் லாட் புல்டவுனில் பழைய ஜிம்மில் 30 கிலோ இழுத்தவர் புது ஜிம்மில் 45 இழுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து மகிழ்ச்சியாகச் சொல்வார். கை ஒரே வாரத்தில் பலமாகிவிடவில்லை. கப்பி மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு தூண்கள் வைத்த கேபிள் மெஷின் பலவற்றில் கயிறு கூடுதலாக ஒரு கப்பியைச் சுற்றி வரும். அந்த அமைப்பில் எடையைத் தேர்ந்தெடுக்கும் பின்னை 20இல் குத்தினால் கைக்கு வருவது சுமார் 10தான். கிணற்றில் ஒற்றைக் கப்பி போட்டு இறைப்பதற்கும் நகரும் கப்பி போட்டு இறைப்பதற்கும் பள்ளிக்கூடத்தில் படித்த அதே கணக்கு.

இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறேன். விமானத்துக்குப் பெட்டி நிறுக்கும் சின்னக் கொக்கித் தராசு கடைகளில் கிடைக்கும், அநேகமாக 50 கிலோ வரை காட்டும். கேபிள் முனையில் கொக்கியை மாட்டி, தராசின் பிடியைப் பிடித்து மெதுவாக, ஒரே சீராக இழுங்கள். திரையில் வருவதுதான் உங்கள் கைக்கு வரும் பாரம். நான் இதைச் செய்தபோது பயிற்சியாளர் பையன் ஓடி வந்து, "என்ன மேம், மீன் வாங்கப் போறீங்களா?" என்றான். அப்புறம் அவனே மற்ற மெஷின்களையும் நிறுக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று குறித்துக்கொண்டான்.

லெக் பிரஸ்ஸில் சாய்வைப் பாருங்கள். 45 டிகிரி சாய்ந்த மெஷினில் 100 கிலோ ஏற்றினால் கால் தள்ளுவது சுமார் 70 கிலோ. ஆனால் பிளேட் ஏற்றும் தட்டுக்கும் ஒரு கனம் உண்டு, மெஷினுக்கு மெஷின் அது மாறும். ராட் தண்டவாளத்தில் மேலும் கீழும் மட்டும் ஓடும் ஸ்மித் மெஷினில் ராடை இழுத்துப் பிடிக்க உள்ளே எதிர் எடை வைத்திருப்பார்கள், இல்லாமலும் இருக்கும். இந்த இரண்டையும் பழைய நோட்டோடு ஒப்பிடவே வேண்டாம். வெறும் மெஷினில் தொடங்கி ஏற்றிக்கொண்டே போங்கள்.

எடையைவிட முக்கியம் உட்காரும் இடம். உட்கார்ந்து காலை நீட்டும் லெக் எக்ஸ்டென்ஷன் மெஷினில் பக்கவாட்டில் ஓர் அச்சு சுழலும். உட்கார்ந்ததும் உங்கள் முழங்கால் மூட்டு அந்த அச்சுக்கு நேராக வருகிறதா என்று பாருங்கள். முன்னே தள்ளியிருந்தால் முதுகுப் பலகையைப் பின்னால் நகர்த்த வேண்டும், பின்னே இருந்தால் முன்னால். பலகையில் ஓட்டைகளும் எண்களும் இருக்கும். நான் நோட்டில் 'லெ.எ: முதுகு 4, கால் 2' என்று எழுதி வைத்திருக்கிறேன். எனக்கு முன்னால் ஆறடிப் பையன் உட்கார்ந்துவிட்டுப் போன மெஷினில் அப்படியே உட்கார்ந்து தூக்கினால் முட்டி என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். முட்டி வலிக்குக் காரணம் வயசு என்று பலர் நினைப்பதில் பாதி, இந்தப் பலகை ஓட்டைதான் என்பது என் கட்சி.

முதல் மூன்று வாரம்

வீடு மாற்றும் சந்தடியில் இரண்டு மூன்று வாரம் பயிற்சி விட்டுப்போயிருக்கும். பயப்பட வேண்டாம். அந்த அளவு இடைவெளியில் பலம் பெரிதாகக் குறையாது. மூச்சுத்தான் முதலில் குறையும், மாடிப்படி ஏறும்போது தெரிந்துவிடும். தசையின் தாங்கும் பழக்கம் கொஞ்சம் விட்டிருக்கும், அதனால் முதல் நாளே பழைய வேகத்தில் இறங்கினால் மூன்று நாளைக்கு உட்கார, எழுந்திருக்க முடியாது.

நான் பின்பற்றுவது மிச்சக் கணக்கு. ஒரு செட்டை நிறுத்தும்போது இன்னும் எத்தனை தடவை ஒழுங்காகத் தூக்கியிருக்க முடியும் என்பதுதான் மிச்சம். முதல் வாரம் ஒவ்வொரு பயிற்சிக்கும் இரண்டு செட், மிச்சம் நான்கு. அதாவது பன்னிரண்டு முடியும் எடையில் எட்டோடு நிறுத்துவது. இரண்டாம் வாரம் மூன்று செட், மிச்சம் மூன்று. மூன்றாம் வாரத்திலிருந்து மிச்சம் இரண்டு. அங்கேயே நிற்கலாம். மிச்சமே இல்லாமல் நெற்றி நரம்பு புடைக்கத் தூக்குவது எப்போதாவது ஒரு நாளைக்குச் சரி, புது இடத்தில் அறவே வேண்டாம்.

நோட்டில் எடைக்குப் பக்கத்தில் 'மி3', 'மி2' என்று குறித்துக்கொண்டே வாருங்கள். மூன்றாம் வார முடிவில் அந்த ஜிம்முக்கான உங்கள் எடைகள் தானாக வந்து நிற்கும். அதற்குப் பிறகு பழைய நோட்டை பரணில் போட்டுவிடலாம்.

வலி வரும். பயிற்சி முடிந்து ஒரு நாள் கழித்துத் தொடங்கி, மூன்றாம் நாள்வரை தசை முழுக்கப் பரவியிருக்கும் வலி, பழக்கமில்லாத வேலை கொடுத்ததால் வருவது. எடையைத் தூக்கும்போதைவிட மெதுவாக இறக்கும்போதுதான் இது அதிகம் உண்டாகிறது. அதே பயிற்சியை அடுத்த வாரம் செய்தால் வலி பாதிகூட இருக்காது. மூட்டுக்குள் ஓர் இடத்தில் சுருக்கென்று குத்தினால் அது வேறு, அந்தப் பயிற்சியை நிறுத்துங்கள்.

இன்னொன்று, இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சேர்ந்த அன்றைக்கே 'ஸ்டாமினா டெஸ்ட்' என்று நூறு பஸ்கி, ஐம்பது தண்டால் போடவைக்கும் ஜிம்கள் இருக்கின்றன. பழக்கமில்லாத உடம்பில் இந்த அளவுக்கு மீறிய வேலை தசையை உடைத்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கக்கூடும். கை கால் வீங்கி, தாங்கமுடியாத வலியோடு சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால், தண்ணீர் குடித்துப் பார்க்கலாம் என்று வீட்டில் உட்காரக்கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி. அந்த டெஸ்டுக்கு "இன்னைக்கு வேணாம் தம்பி, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொல்லி நகர்ந்துவிடுவது ஒன்றும் மரியாதைக் குறைவு இல்லை.

அட்டவணையும் மாறுகிறதென்றால்

வேலூரில் ஜிம் நடக்கும் தூரம், காலை ஐந்தரைக்குப் போய்விடுவேன், வாரத்தில் ஐந்து நாள். ஒரு நாள் மார்பு, ஒரு நாள் முதுகு, ஒரு நாள் கால் என்று பங்கு போட்டிருந்தோம். சென்னையில் என் வங்கிக் கிளை மயிலாப்பூரில். வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயில் பிடித்துப் போய்த் திரும்பினால் இரவு ஏழரை மணிக்குத்தான் ஜிம். ஐந்து நாள் முடியாது, மூன்று நாள்தான்.

ஐந்து நாள் அட்டவணையில் இரண்டு நாளை வெட்டி மூன்றாக்கினால், வெட்டுப்படுவது எப்போதும் கால் நாள்தான். ஆண்களிடம் கேட்டுப் பாருங்கள், ஒப்புக்கொள்வார்கள். மூன்று நாள் என்று ஆகிவிட்டால் பங்கு போடுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு நாளும் முழு உடம்பு என்று மாற்றுங்கள். உடம்பின் அசைவுகளை ஐந்தாகப் பிரித்துக்கொண்டால் போதும்: உட்கார்ந்து எழுவது, இடுப்பிலிருந்து குனிந்து தூக்குவது, தள்ளுவது, இழுப்பது, சுமந்து நடப்பது. என் வாரம் இப்படிப் போகிறது.

திங்கள்: ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், உட்கார்ந்து இழுக்கும் ரோயிங்.
புதன்: டெட்லிஃப்ட் (தரையிலிருந்து ராடைத் தூக்குவது), தோளுக்கு மேலே பிரஸ், லாட் புல்டவுன்.
வெள்ளி: லெக் பிரஸ் அல்லது லஞ்ச் (ஒரு காலை முன்னே வைத்து இறங்கி எழுவது), சாய்வு பெஞ்சில் டம்பெல், ஒற்றைக் கை ரோயிங், கடைசியில் இரண்டு கையிலும் டம்பெல் பிடித்துக்கொண்டு ஜிம் நீளத்துக்கு நடை.

ரேக் கிடைக்கவில்லையென்றால் ஸ்குவாட்டுக்குப் பதில் டம்பெலை நெஞ்சோடு அணைத்து உட்கார்ந்து எழலாம். பயிற்சி முக்கியமில்லை, அசைவுதான் முக்கியம். ஒவ்வோர் அசைவுக்கும் இரண்டு மாற்று கைவசம் இருந்தால் கூட்ட நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. மற்ற நாட்களில் நடை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே தசைப் பயிற்சி வாரம் இரண்டு நாளும், மிதமான வேகத்தில் நடை மாதிரி 150 நிமிடமும் இருந்தால் போதும் என்றுதான் இருக்கிறது. ஐந்து நாள் போய் மூன்று நாளாகிவிட்டதே என்று மனசைப் போட்டு உழப்பிக்கொள்ள ஒன்றுமில்லை.

காலையிலிருந்து மாலைக்கு மாறுவதில் லாபம் உண்டு. காலையில் உடம்புச் சூடு குறைவு, மூட்டெல்லாம் இறுகியிருக்கும், வார்ம் அப்புக்கே நேரம் போகும். பெரும்பாலானவர்களுக்கு மாலையில் பலம் கொஞ்சம் கூடுதல். நஷ்டம் சாப்பாட்டிலும் தூக்கத்திலும். ஒன்றரை மணிக்குச் சாப்பிட்ட சாம்பார் சாதம் ஏழரை மணிக்கு ஞாபகத்தில்கூட இருக்காது. நான் ஐந்தரைக்கு ஆபீஸிலேயே ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிடுகிறேன். வழக்கமான ஆறு மணி ஃபில்டர் காபியை விட வேண்டி வந்தது. அது குடித்துவிட்டுப் பயிற்சியும் செய்தால் இரவு ஒரு மணிக்கு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியதுதான். இதில் இன்றும் எனக்கு வருத்தம் உண்டு.

இரவு வந்து வெறும் இரண்டு இட்லி என்றால் போதாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நம் நாட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லும் புரத அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். 62 கிலோ இருக்கும் எனக்கு 51 கிராம் வருகிறது. எடை தூக்குகிறவர்களுக்கு அதற்கும் மேலே வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான். ஆகவே இட்லியோடு இரண்டு முட்டை, இல்லையென்றால் கெட்டிப் பருப்பு, பனீர் என்று ஏதாவது ஒன்று தட்டில் இருக்கட்டும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் பயிற்சி நேரத்தை மாற்றும்போது டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். காலை மாத்திரைக்கு ஒத்துவந்த பயிற்சி இரவு மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம், சில சமயம் தூக்கத்திலேயே. ஜிம் பையில் நாலு குளுக்கோஸ் மிட்டாய் கிடக்கட்டும். ரத்த அழுத்தம் இருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கக் கூடாது, மேலே தள்ளும்போது மூச்சை விடுங்கள்.

சென்னைக்கு வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. வேலூர் வெயில் வறண்ட வெயில், வியர்வை உடனே காய்ந்து உடம்பு குளிரும். இங்கே காற்றில் ஈரம், வியர்வை காயாமல் ஒழுகும், உள்சூடு இறங்காது. ஏசி இல்லாத ஜிம்மில் முதல் இரண்டு வாரம் செட்டுகளுக்கு இடையே ஓய்வைக் கூட்டுங்கள், உப்புப் போட்ட மோர் எடுத்துப்போங்கள். உடம்பு அந்தப் புழுக்கத்துக்குப் பழக அவ்வளவு நாள் ஆகும்.

ஆட்கள்

வேலூரில் மாஸ்டர் என்னை அக்கா என்பார். சத்துவாச்சாரிப் பக்கம் பளுதூக்குதல் ஊர்ப் பழக்கம் மாதிரி. 2014 கிளாஸ்கோவிலும் 2018 கோல்ட் கோஸ்டிலும் காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கம் அந்த ஊர்க்காரர்தான். அதனால் அங்கே ஒரு பெண் டெட்லிஃப்ட் செய்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், முதுகு வளைந்தால்தான் பார்ப்பார்கள்.

இங்கே முதல் நாள் நடந்த பேச்சு:

"மேம், நீங்க டிரெட்மில்ல அரை மணி நேரம் போங்க. அப்புறம் சைக்கிள். வெயிட் நல்லா குறையும்."

"தம்பி, எனக்கு டெட்லிஃப்ட் பண்ணணும். எந்த இடத்துல போடலாம்?"

"அதெல்லாம் வேணாம் மேம், இடுப்பு புடிச்சுக்கும்."

இந்த இடத்தில் வாதாடிப் பயன் இல்லை. "வெறும் ராடுல ஒரு செட் போடுறேன், ஃபார்ம் தப்பா இருந்தா சொல்லுங்க" என்று கேட்டேன். இந்த ஒரு வாக்கியத்தை எல்லோருக்கும் சிபாரிசு செய்கிறேன். பயிற்சியாளருக்கும் மதிப்பு கொடுத்ததாகிறது, உங்களுக்கு என்ன தெரியும் என்பதையும் அவர் பார்த்துவிடுகிறார். நல்ல பயிற்சியாளர் என்றால் ஏதாவது ஒன்று திருத்துவார். தம்பி என் ராடைக் கால் பக்கம் இன்னும் நெருக்கி வைக்கச் சொன்னான். சரியாகத்தான் சொன்னான். திருத்தமே சொல்லாமல் "பிடி எடுத்துக்கோங்க மேம், மாசம் இவ்வளவுதான்" என்று தனிப்பயிற்சிக் கட்டணத்துக்குத் தாவுகிறவரிடம், மூன்று வாரம் கழித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

மற்ற உறுப்பினர்களிடம் பேசத் தயங்க வேண்டாம். "தம்பி, இன்னும் எத்தனை செட் இருக்கு? நடுவுல நான் ஒண்ணு போட்டுக்கட்டுமா?" என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை, பிளேட்டைக்கூடக் கழற்றிக் கொடுப்பார்கள். பெஞ்சில் துண்டு விரிப்பது, முடிந்ததும் பிளேட்டை எடுத்த இடத்தில் வைப்பது, கையில் பூசும் பவுடரை இறைக்காமலிருப்பது, இவ்வளவுதான் ஜிம் நாகரிகம். செருப்போடு உள்ளே வரக்கூடாது என்பது பல ஜிம்களில் கறாரான விதி. உள்ளே போட மட்டும் தனி ஷூ ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வாரத்துக்கு அப்புறம்

இனி எடை ஏற்றலாம். குறித்த எண்ணிக்கையை மிச்சம் இரண்டோடு தொடர்ந்து இரண்டு முறை முடித்துவிட்டால் அடுத்த எடைக்குப் போகலாம். 1.25 பிளேட் இல்லாத ஜிம்மில் அடுத்த தாவல் மொத்தத்தில் 5 கிலோவாக இருக்கும். ஸ்குவாட்டில் அது தெரியாது, தோள் பிரஸ்ஸில் அது மலை. அந்த மாதிரி இடங்களில் எடையைத் தொடாமல் எட்டை ஒன்பதாக்கி, பத்தாக்கி, பன்னிரண்டு வரை கொண்டுபோய், அப்புறம் எடையை ஏற்றி மறுபடி ஏழு எட்டில் தொடங்குங்கள். சொந்தமாகக் குட்டி பிளேட் வாங்குவதானால் ராடின் முனை கனத்தைப் பார்த்து வாங்குங்கள். பழைய ராடுக்கு வாங்கிய பிளேட்டின் சின்ன ஓட்டைக்குள் ஒலிம்பிக் ராடின் முனை போகாது. என்னிடம் அப்படி ஒரு ஜோடி இருக்கிறது, இப்போது புத்தக அலமாரியில் தாங்கு கட்டையாக நிற்கிறது.

வருடச் சந்தா பற்றிய பேச்சை இந்தச் சமயத்தில் எடுக்கலாம். அந்த ஜிம்மில் கூட்டம் எப்போது, எந்த மெஷின் எப்போதும் ரிப்பேர், உங்களால் வாரம் எத்தனை நாள் உண்மையிலேயே வர முடிகிறது என்பதெல்லாம் தெரிந்திருக்கும். ஆயுத பூஜை, தீபாவளி, ஜனவரி ஆகிய மூன்று சமயங்களில் தள்ளுபடி கேட்டால் கிடைக்கும். கட்டுவதற்கு முன், வெளியூருக்கு மாற்றல் வந்தால் மிச்ச மாதங்களை வேறு கிளைக்கோ வேறு ஆளுக்கோ மாற்றித் தருவார்களா, உடம்பு சரியில்லாவிட்டால் எத்தனை நாள் நிறுத்தி வைக்கலாம் என்று கேளுங்கள். வாய்ப்பேச்சில் விடாமல், பதிலை ரசீதின் பின்புறமே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.